ஐயாவுக்கு அறுபத்தெட்டு

நேற்றிரவு நான் நூற்றுப்பதினேழு தரம் செத்தேனாம்.
வுப்பர்டால், பார்மன் ஆஸ்பத்திரி, நாலாம் மாடி.
திரைக்குள் துடிக்கிற இதயத்தைக் காட்டி
டொக்டர் லோமான் சொல்கிறார்,
மழை வரும் என்பதுபோல.
இது உங்களுடையதுதான், பவளராணி.
போன கிழமை ஸ்கேனில் எடுத்ததை
மயிரிழை பிசகாமல் இழைத்திருக்கிறோம்.

பார்த்தேன்.
தோலில்லை. தாலியில்லை.
சலவைக்கூடத்து ஆவியில் வெந்த கைகள் இல்லை.
உரித்த மாதுளைபோலக் கறுப்பு வெளியில் தனியே
சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.
அதற்கு உப்பைக் கூட்டினார்கள்.
நித்திரையைக் குறைத்தார்கள்.
பதினைந்து வருசத்தை ஒரே இரவில் ஓட்டினார்கள்,
ஆயிரம் தரம்.
இடப்பக்கக் குழாயில் ஒரு வளைவு இருக்கிறது.
இங்கேதான், என்றார் பேனாமுனையால் தொட்டு.
நூற்றுப்பதினேழு தரமும் இங்கேதான்.

மிச்சத்தில்?
மிச்சத்தில் இருக்கிறீர்கள்.

எனக்காகச் சாக ஒன்றை வைத்திருப்பது
கூச்சமாய் இருந்தது.
அதுக்கு நோகுமா? என்று கேட்டுவிட்டேன்.
சிரித்தார். பிறகு
சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

தாளைத் திருப்பினார்.
தகப்பன்: இறந்த வயது, காரணம்.
நான் நிரப்பாமல் விட்ட கட்டம்.

தொண்ணூறாம் ஆண்டு, ஆடி மாதம்.
அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்கச்
சைக்கிளில் போனவருக்கு நாற்பத்தைந்து வயது.
மூன்றாம் நாள்
சைக்கிளை மட்டும் யாரோ உருட்டிவந்து
வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள்.
செயின் கழன்றிருந்தது.
அம்மா பொட்டை அழிக்கவில்லை,
திவசமும் செய்யவில்லை.
என்னத்துக்கு, எந்தத் திதிக்கு?

வெறுமையை வைத்துக் கணக்குப் பார்க்க
மெஷினுக்கு வராதாம்.
என் கொழுப்பையும் தமக்கையின் பிரஷரையும் எடுத்து
முகமறியாத பல்லாயிரம் பேரின் இரத்தத்தோடு கூட்டிக் கழித்து
ஒரு தகப்பனைத் தானே ஊகித்திருந்தது.
ஆண். மாரடைப்பு. வயது அறுபத்தெட்டு.

விரல்விட்டு எண்ணினேன்.
இருபத்துமூன்று வருசம்
கேளாமலே கொடுத்திருக்கிறது.
அப்படியென்றால் என் கலியாணத்துக்கு வந்திருக்கிறார்.
விசா வரிசையில் நின்று
இரண்டு அரசாங்கங்களையும் திட்டியிருக்கிறார்.
ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகிற ரயிலை அண்ணாந்து
இது விழாதோ பிள்ளை, என்று கேட்டுக் கேட்டே
தினமும் ஏறியிருக்கிறார்.
பிறகு ஒரு விடியல்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் கட்டிலில்,
யாரோ தண்ணீர் எடுக்க ஓட,
யாரோ காலைத் தேய்க்க.
எங்கள் பக்கத்தில் எத்தனை பேருக்குக் கிடைத்தது
அப்படியொரு சாதாரணச் சாவு!

இது வெறும் ஊகம், என்றார் டொக்டர்,
என் முகத்தில் எதையோ கண்டு.
வேண்டாமென்றால் அழித்துவிடலாம்.
உங்கள் கணக்குக் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான்.

பேனாவைக் கையில் வாங்கி
அந்த எண்ணுக்கு மேலே பிடித்தேன்.
திரையில் அது துடித்துக்கொண்டிருந்தது,
ஐயாவிடம் வாங்கிய வளைவோடு
(வாங்கியதென்று மெஷின்தான் சொல்கிறது).
இருக்கட்டும், என்றேன்.

இரவில் ஒரு வெள்ளைக் குளிசை.
கருவாடு மாதம் ஒரு தரம்.
வேலைக்குப் போகையில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்க வேண்டும்.
க்ளூசையில் இறங்கி நடக்கிறேன்.
கார்த்திகைக் குளிர் மூக்கை அறுக்கிறது.
தலைக்கு மேலே ரயில் தொங்கிப் போகிறது, விழவில்லை.
கைக்கடிகாரம் அதிர்ந்து கேட்கிறது:
துடிப்பு கூடியிருக்கிறதே, ஏதும் நடந்ததா?
ஆம், இல்லை, இரண்டு பொத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஃபோன் எடுப்பேன்.
குளிசையைச் சொல்லலாம், நடையைச் சொல்லலாம்.
இதை மட்டும் சொல்லேலாது.
அவவுடைய கணக்கில்
ஐயாவுக்கு வாற தையில் எண்பது.